கொடிக்காலுக்குள் வந்த சிப்பிகள்

காலை ஒன்பது இருபதுக்கு அந்த வண்டி அனுமந்தன்பட்டிக்கு வெளியே சாலையை விட்டு விலகி வாய்க்காலுக்குள் இறங்கியது. நேரம் எனக்குத் தெரியும். என் மகள் ஷமீம் அப்போது என்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"மலை எறங்கிட்டோம்மா. கம்பமும் தாண்டியாச்சு. டீ போட்டு வாசல்ல நில்லு. ஜோஸ் அண்ணனுக்குச் சீனி கம்மி."

அதற்குப் பிறகு ஒரு சத்தம். பிறகு முன்பின் தெரியாத ஓர் ஆண்குரல், "ஏலே, அந்தப் பக்கக் கதவத் தொறங்கடா" என்றது. போன் அணையவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. பால் பொங்கி வழிந்த அடுப்பை அணைத்தது யார் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

இதை எழுதச் சொன்னவர்கள், நான் முன்பு வேலை பார்த்த கடலோர ஆய்வு நிலையத்தின் இளையவர்கள். அந்த நாளுக்குப் பிறகு அங்கே ஒரு மாற்றம் வந்திருக்கிறது. சிப்பிகளை அனுப்பும் பெட்டிக்குள் வெப்பத்தைத் தானே பதிந்துகொள்ளும் கருவி வைக்கிறார்கள். "அக்கா, அன்னைக்குக் கருவி எதுவும் இல்லாம உசுரோட இருக்கறத எப்படிப் பிரிச்சீங்க, எழுதிக் குடுங்க" என்று கார்த்திகா கேட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவள் அவள். பிரித்ததை மட்டும் எழுத முடியவில்லை. மற்றதும் சேர்ந்தே வருகிறது.

நான் உத்தமபாளையத்தில் பிறந்தவள். விலங்கியல் படித்துவிட்டு, ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரையில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தபோதுதான் கடலையே முதன்முதலாகப் பார்த்தேன். முதல் சில ஆண்டுகள் தொட்டி கழுவினேன், உப்பு அளந்தேன், கால் முழுக்கச் சிப்பி ஓட்டில் வெட்டுப்பட்டேன். சொல்லும்படியாக வேறொன்றுமில்லை.

எங்கள் வேலை முத்துச் சிப்பி அல்ல. கழிமுகத்தில், ஆறும் கடலும் கலக்கும் இடத்தில், ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு படுகையாக வளரும் தடித்த ஓட்டுச் சிப்பி. அதன் குஞ்சு கொஞ்ச காலம் நீரில் மிதந்து திரியும். பிறகு உட்கார ஒரு கெட்டியான இடம் தேடும். அதற்குப் பிடித்த இடம் பழைய சிப்பி ஓடு. செத்த சிப்பியின் ஓட்டில்தான் அடுத்த தலைமுறை உட்காரும். அந்தப் பழைய ஓடுகளைத்தான் சுண்ணாம்புக் காளவாய்களுக்கு வண்டி வண்டியாகத் தோண்டிப் போனார்கள். உயிருள்ள சிப்பியை யாரும் தொடவில்லை, உட்கார இடமில்லாமல் போனது குஞ்சுகளுக்கு. பிறகு இறால் பண்ணைக் கழிவு வந்தது. முகத்துவாரத்தை மணல் மேடு அடைத்தது. நான் சேர்ந்தபோது கரை நெடுகப் பல படுகைகள் இருந்தன. முழங்கால் தேய்ந்து விருப்ப ஓய்வில் ஊர் திரும்பியபோது, எங்கள் கழிமுகத்தில் ஒன்றே ஒன்று மிச்சம்.

எங்கள் தலைமை அலுவலரை எல்லோரும் சார் என்று மட்டும்தான் சொல்வோம். இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவார். சாதாரணமாக எங்களை வா போ என்பார். கோபம் வந்தால் மட்டும் மரியாதை கூடிவிடும். "தாங்கள் இந்தத் தொட்டியில் எந்தத் தண்ணீரை ஊற்றினீர்கள்?" என்று கேட்டால், அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்காது. ஒரு தொட்டிச் சிப்பி செத்தால், எவ்வளவு செத்தது என்று கேட்க மாட்டார். சாகும் முன் அது என்ன செய்தது என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டுமென்றால் நாம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

ஒரு முறை வேறொரு கடற்கரையிலிருந்து குஞ்சுச் சிப்பிகளை இலவசமாகவே தருவதாகச் சொன்னார்கள். எங்கள் படுகையை ஒரே ஆண்டில் நிரப்பிவிடலாம். எங்களுக்கெல்லாம் ஆசை. சார் மறுத்துவிட்டார். ஏன் என்று நான் கேட்டபோது, என்னைத் தண்ணீருக்குள் கூட்டிப் போனார்.

"இந்தக் கழிமுகம் கோடையில கடலவிட உப்பு. மழை பெஞ்சா கிட்டத்தட்ட ஆறு. ரெண்டையும் வாயை மூடிக்கிட்டுத் தாங்குற சிப்பி இங்க பல தலைமுறையா இருக்கு. வேற எடத்துச் சிப்பி தாங்குமான்னு எனக்குத் தெரியாது. தெரியாதத கொண்டாந்து தெரிஞ்சதோட கலக்கக் கூடாது. இது போச்சுன்னா இதுக்குப் பதில் இல்ல."

அவர் காலமாகிவிட்டார். அந்தச் சிப்பிகளுக்குப் பதில் இல்லை என்பது மட்டும் மாறவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் புயலில் எங்கள் பொரிப்பகத்தின் பம்பு அறையைக் கடல் கொண்டுபோனது. மிச்சமிருந்த படுகையும் சேற்றில் புதைந்துகொண்டிருந்தது. அதிலிருந்து தாய்ச் சிப்பிகளைத் தேர்ந்தெடுத்து, கேரளத்துக் காயல் ஓரத்தில் உள்ள ஒரு பொரிப்பகத்தில் தனித் தொட்டியில் வைத்துக் காப்பாற்றினார்கள். அங்கே குஞ்சும் பொரித்தன. என் மகள் அதே நிலையத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்திருந்தாள். சிப்பிகளைச் சாக்கில் கட்டி, குமுளி மலை வழியாகத் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பு அவளுடையது. எங்கள் கழிமுகத்தின் மொத்த வம்சமும் அந்த ஒரு வண்டியில் வந்தது. கூடவே என் ஒரே மகளும்.

நானும் என் வீட்டுக்காரரும் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. குளிர்பெட்டி பிளந்து, ஐஸ் கட்டிகள் புல்லில் கரைந்துகொண்டிருந்தன. டிரைவர் ஜோஸ் முழங்காலில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குறுக்கே வந்த ஆட்டுக்காக ஒடித்திருக்கிறார். ஷமீமை ஆம்புலன்ஸில் கம்பத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள்.

அவள் நர்ஸ் போனிலிருந்து பேசினாள். "கை மட்டும்தான்மா. சாக்கெல்லாம் என்னாச்சு?"

"இங்கனதான் நிக்கிறேன். பாத்துக்கிறேன்."

"சரிம்மா." கொஞ்சம் நிறுத்தினாள். "அம்மா, சாக்கெல்லாம் என்னாச்சு?"

சொன்னேன். மூன்றாவது முறையும் அதையே கேட்டாள், முதல் முறை கேட்பவளைப் போல. போனை என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன்.

என் வீட்டுக்காரர் பைக்கைத் திருப்பினார். "நீ வராத. நீ வந்தா டாக்டர வேலை பாக்க விடாம கேள்வி கேட்டே கொன்னுருவ. நான் பாத்துக்கிறேன். அவ திரும்பத் திரும்பக் கேக்கறாள்ல, அதுக்கு என்னத்தச் சொல்ல? நீ இங்கன இருந்தாத்தான் எனக்குப் பதில் இருக்கும்."

அவர் போன பிறகுதான் வாய்க்காலைப் பார்த்தேன். சாக்குகள் அத்தனையும் ஓடும் தண்ணீருக்குள் வரிசையாகக் கிடந்தன. அடித்துக்கொண்டு போகாமல் மேலே கல்லும் வைத்திருந்தார்கள்.

"சேச்சி, ஞான் பறஞ்ஞு. இவரு கேட்டில்ல" என்றார் ஜோஸ். தண்ணீரில் போடாதீர்கள் என்று அவர் மலையாளத்தில் சொன்னதை யாரும் கேட்கவில்லையாம்.

சாக்குகளைத் தூக்கிப் போட்டவர்களில் முன்னால் நின்றவர் சுருளி என்ற கூலியாள். முகத்தில் பெருமை. "ஒரு சாக்கு விடல பாயம்மா. ஆம்புலன்சுல ஏத்தும்போதும் அந்தப் புள்ள, 'உசுருள்ளது, காய விட்டுறாதீக'ன்னு கெஞ்சிச்சு. அதான் வெரசாத் தண்ணில போட்டுட்டோம்."

"அண்ணே, இது கழிமுகத்துச் சீவன். உப்புத் தண்ணி. நல்ல தண்ணி ஆகாது."

"நல்ல தண்ணி ஆகாதா? மனுசனே குடிக்கிறான்!"

"கடல் மீனக் கெணத்துல விட்டா என்னாகும்?"

அவர் முகம் விழுந்துவிட்டது. "அப்ப நாங்க கொன்னுட்டமா?"

எனக்குத் தெரியவில்லை. உண்மையில் தெரியவில்லை. நல்ல தண்ணீர் பட்டால் சிப்பி வாயை இறுக மூடிக்கொள்ளும். மூடியிருக்கும்வரை உள்ளே தன் உப்புநீரை வைத்துக்கொண்டு பிழைத்திருக்கும். திறந்துவிட்டால் போயிற்று. திறந்தவை எவ்வளவு, திறக்காதவை எவ்வளவு என்பது சாக்கை அவிழ்த்தால்தான் தெரியும். ஆனால் எங்கே அவிழ்ப்பது? மாசி வெயில் ஏறிவிட்டது. சாலையை அகலப்படுத்தியபோது புளியமரங்களை வெட்டிவிட்டார்கள். வெயிலில் வைத்தால் மூடிய சிப்பி உள்ளேயே வெந்துவிடும். ஈரமும் இருளும் குளிர்ச்சியும் உள்ள இடம் வேண்டும், ஆனால் தண்ணீருக்குள் அல்ல.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அகத்தி மரங்கள் நெருக்கமாக நின்று, கொடிகள் அவற்றைச் சுற்றி ஏறி, உள்ளே பகலிலும் பச்சை இருட்டு. சிப்பிக்கென்றே கட்டிய அறை மாதிரி இருந்தது.

ஆனால் நானும் இந்தப் பள்ளத்தாக்குக்காரிதான். கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு யாரும் நுழைவதில்லை. மீன் தின்றுவிட்டு வருபவர்களைக்கூட விடுவதில்லை. கவுச்சி பட்டால் கொடி அழுகிவிடும் என்பார்கள். கோயிலாகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அதற்குள் மூட்டை மூட்டையாகச் சிப்பியைக் கொண்டுபோக வேண்டும் என்று நான் எப்படிக் கேட்பது?

கேட்டேன். கொடிக்கால் பாண்டியம்மாளுடையது. என் வயதுதான் இருக்கும். இலை கிள்ளும் இரும்பு நகத்தைக் கட்டைவிரலில் மாட்டியபடி வேலி ஓரம் வந்து நின்றார்.

"ஏம் பாயம்மா, வெவரம் தெரிஞ்ச ஊர்க்காரிதான நீங்க? வேத்தாளா? கவுச்சியக் கொடிக்காலுக்குள்ள கொண்டாறேங்கறீக."

"தெரியும்க்கா. வேற எடம் இல்ல."

"பொதுக்கூடம் இருக்கு. தகரக் கொட்டகை."

"தகரத்துக்குக் கீழ வெந்துரும்க்கா."

"என்னத்துக்கு இந்தப் பாடு? உள்ள முத்து இருக்கா?"

சுருளியும் அதைக் கேட்கத்தான் காத்திருந்தார் போல எட்டிப் பார்த்தார். முத்து இல்லை என்றேன். விற்கக்கூட முடியாதது என்றேன். இது செத்தால் இந்த ரகம் எங்கள் கழிமுகத்தில் இனி இல்லை, வாங்கி வைக்கவும் முடியாது என்றேன். இதைக் கொண்டு வந்த பிள்ளை என் மகள் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது, அது கெஞ்சல் போலாகிவிட்டது.

பாண்டியம்மாள் ஒரு சிப்பியைக் கையில் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் ஓட்டைச் சுரண்டினார். வெள்ளைப் பொடி உதிர்ந்தது.

"இதத்தான் சுட்டு, நீத்தி, நாங்க வெத்தலையில தடவுறோமா?"

"இந்த மாதிரி ஓட்டத்தான்க்கா."

"அட." பிறகு மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். "நாத்தம் இல்லையே."

"உசுரோட இருக்கறது நாறாது. மழைத்தண்ணி வாடைதான் அடிக்கும்."

"அப்ப செத்ததுதான் கவுச்சி." தனக்குள் ஒரு வழக்கைத் தீர்ப்பவரைப் போலச் சொன்னார். "உசுரோட இருக்கற கோழி உள்ள வந்தா வெரட்டுவேன், கொடிக்காலக் கழுவ மாட்டேன். சரி. உசுரோட இருக்கறது உள்ள வரட்டும். ஒண்ணு செத்தது உள்ள வந்துச்சுன்னாலும், பாயம்மா, அத்தனையையும் தூக்கி வெளிய போட்டுருவேன். செருப்பக் கழட்டுங்க."

அவருக்குத் தெரியாது. எங்கள் தொழிலின் முதல் விதியும் அதுதான். செத்த ஒன்று உயிருள்ளவற்றோடு கிடந்தால் மொத்தத்தையும் கெடுத்துவிடும். அவர் கொடிக்காலுக்காகச் சொன்னதை, நான் சிப்பிக்காக எப்படியும் செய்தாக வேண்டும்.

வேலிக்கு வெளியே, அகத்தி நிழல் விழுந்த வரப்பில் சாக்குகளை அவிழ்த்தோம். முறையைச் சொல்லிக் கொடுத்தேன். ஒன்றோடு ஒன்றை மெதுவாகத் தட்ட வேண்டும். உயிருள்ளது உள்ளே நீர் நிறைந்து மூடியிருக்கும், கல்லில் கல் பட்டது போல ஒலிக்கும். செத்ததோ வறண்டதோ காலிக் கொட்டாங்கச்சி போல ஒலிக்கும். வாய் லேசாகத் திறந்திருந்தால் விரலால் தொட வேண்டும். மூடிக்கொண்டால் உள்ளே போகலாம். மூடாவிட்டால் வெளியே. ஓட்டின் விளிம்பு உடைந்தது தனியாக. உள்ளே போகும் ஒவ்வொன்றையும் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி வைக்க வேண்டும், அப்போதுதான் உள்நீர் சிந்தாது.

இலை கிள்ளுபவர்கள், வண்டியை இழுக்க வந்தவர்கள் என எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். வயல் முழுக்க டொக் டொக் என்று சத்தம்.

"கலியாண வீட்டுல தேங்கா தட்டிப் பாக்குற மாதிரில்ல இருக்கு" என்றார் சுருளி. கொஞ்ச நேரத்தில் அவர் காது என் காதைவிட உறுதியாகிவிட்டது. "இது கொட்டாங்கச்சி. இது கல்லு. இது... ஏத்தா, இது ரெண்டுங்கெட்டானா இருக்கு, நீங்க பாருங்க."

பாண்டியம்மாள் ஒவ்வொரு கூடையையும் வேலியில் நிறுத்தி, இரண்டு மூன்றைத் தானும் தட்டிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார். உள்ளே பெண்கள் அவற்றை வெற்றிலைக் கட்டு கட்டுகிற வழியிலேயே, நனைத்த வாழைச் சருகில் சுற்றி, ஈர மண்ணில் அடுக்கினார்கள். நான் எங்கள் நிலையத்தில் ஈரச் சாக்கைத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். வாழைச் சருகு அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. கையை உள்ளே விட்டு விட்டுப் பார்த்தேன்.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். தளர்ந்த சாக்குகளில் செத்தவை அதிகம். இறுகக் கட்டிய சாக்குகளில் மிகக் குறைவு. சிப்பி திறக்க நினைத்தாலும் மேலே கிடப்பது அழுத்திக்கொண்டிருந்ததால் திறக்க முடியவில்லை. இறுகக் கட்டியவை ஷமீமின் முடிச்சுகள். அவள் இரட்டை முடிச்சுப் போட்டு நுனியை உள்ளே சொருகுவாள், பள்ளிப் பாவாடைக்கும் அப்படித்தான் போடுவாள். அந்த முடிச்சை அவிழ்க்க அவிழ்க்க, கண் மறைத்தது.

சுருளி வாய்க்காலில் இறங்கி, சிந்தியவற்றைக் கையால் துழாவி எடுத்துத் தந்தார். அவற்றில் ஒன்று வழவழப்பாக, கருப்பாக, நீள்வட்டமாக இருந்தது. அது எங்கள் சிப்பியல்ல. ஓடையிலேயே பிறந்து வளரும் நன்னீர் மட்டி. என் கையில் கொஞ்சம் திறந்து, பிறகு மூடிக்கொண்டது. வாழ்நாள் முழுக்க ஓட்டுயிர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். பிறந்த ஊர் வாய்க்காலின் சேற்றில் ஒரு முறைகூட கை விட்டதில்லை. இது எந்த ரகம், இன்னும் எத்தனை இருக்கின்றன, தூர் வாரும்போது எங்கே போகின்றன, ஒன்றும் எனக்குத் தெரியாது. இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கச் சொன்னேன். இப்போது வாரம் ஒரு முறை போய்ப் பார்க்கிறேன். அது வேறு கதை.

என் வீட்டுக்காரர் நடுவில் போன் செய்தார். "கையில எலும்பு விட்டுருக்கு, கட்டுப் போட்டாச்சு. தலைக்கு ஸ்கேன் எடுக்கணும்னு சொல்றாக. ஒரு தடவ வாந்தி எடுத்தா."

"என்னைய கேக்குறாளா?"

"சாக்கத்தான் கேக்குறா."

செத்தவற்றின் குவியலைக் கொளுத்திவிடலாமா என்று பாண்டியம்மாள் கேட்டார். வேண்டாம், கழுவிக் காயவைத்து ஓடுகளைத் தாருங்கள், குஞ்சுகள் உட்கார அவை வேண்டும் என்றேன். "செத்தும் வேலை இருக்காக்கும்" என்று அவர் குவியலைத் தானே வேலியிலிருந்து தள்ளிப் போட்டார்.

வெயில் சாயும்போது கார்த்திகா மாற்று வண்டியோடு வந்தாள். பெரிய பிளாஸ்டிக் பீப்பாய்களில் எங்கள் கழிமுகத் தண்ணீர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள், ஒரு சருகுக் கட்டைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு, "ஆனா அக்கா, மூடியிருக்குங்கறதுக்காக..." என்று இழுத்தாள். அவள் சொல்ல வந்தது எனக்குத் தெரியும். தட்டினால் நல்ல ஒலி கேட்பது பாதி நம்பிக்கைதான். உள்ளே சற்று முன் செத்ததும் கொஞ்ச நேரம் மூடியே இருக்கும். தன் தண்ணீரில் விட்டு, தானாகத் திறக்கிறதா என்று பார்த்தால்தான் உறுதி. இல்லையென்றால் ஒரு வண்டி நிறையப் பிணத்தைக் கடற்கரைக்குக் கொண்டு போகிறோம்.

ஒரு தொட்டியில் கழிமுகத் தண்ணீரை ஊற்றி, தாய்ச் சிப்பிகளில் சிலவற்றை விட்டோம். கொடிக்கால் வேலியோரம் தொட்டியைச் சுற்றி எல்லோரும் குந்தினார்கள். எதுவும் திறக்கவில்லை. சுருளி பீடியை எடுத்து, பற்றவைக்காமல் திரும்ப வைத்தார். தண்ணீர் அசையாமல் இருந்தது. சிப்பிகள் கல்லாகவே கிடந்தன. பாண்டியம்மாள், "பயந்து போயிருக்குமோ?" என்றார். கார்த்திகா என் முகத்தைப் பார்க்காமல் தொட்டியின் விளிம்பைப் பார்த்தாள்.

சாலையில் ஓர் ஆட்டோ நின்றது. பின்னால் என் வீட்டுக்காரரின் பைக். கழுத்தில் தொங்கும் மாவுக்கட்டோடு ஷமீம் இறங்கினாள். நெற்றி வீங்கியிருந்தது. "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம். ராத்திரி மட்டும் கவனமாப் பாத்துக்கச் சொன்னாக" என்று அவர் தூரத்திலிருந்தே சொன்னார். வேலி ஓரத்தில் அவள் தயங்கினாள். வார்ச் செருப்பை ஒரு கையால் கழற்ற முடியவில்லை. நான் ஓடிப் போய்க் குனிந்து கழற்றினேன். நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தேன், வீக்கத்தைப் பார்த்தேன், கன்னத்தைத் தொட்டேன், பெயர் கேட்கலாமா, கிழமை கேட்கலாமா என்று யோசித்தேன். அவள் என் தோளுக்கு மேலாகத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னையவே பாக்காதம்மா" என்றாள். "அங்கன பாரு. தொறக்குது."